பீம் அணைத்த பிறகு இரண்டு டிக்

ராத்திரி இரண்டேகால் மணி. மலையடி ரோடு. மழை... ஒரே ஒரு லாரி. அந்த ஒன்றில்தான் அவர் மோதினார்.

அவர் என்றால், இதோ போர்வைக்குள் உட்கார்ந்திருக்கிறானே நம் நண்பன் சோடாபுட்டி, இவனுடைய அத்தான். இவன் அக்காவுக்கும் அத்தானுக்கும் ஒரே இடத்தில் வேலை. வெடித்துப்போன நட்சத்திரங்களுக்குப் பிரேதப் பரிசோதனை. சிரிக்காதீர்கள், அதற்குச் சம்பளம் தருகிறார்கள். நட்சத்திரம் வெடிக்கும்போது நடக்கிற அணுவினையை மலைக்கடியில் ஓர் அறையில் நடத்திப் பார்ப்பார்கள். மெல்லிய தகட்டின் மேல் பீம், அதாவது அணுத்துகள் கற்றை, பாயும். அபூர்வமாக ஒரு வினை நடக்கும். ஸ்பீக்கரில் ‘டிக்’. அவ்வளவுதான். பீமை அணைத்தும் அளப்பார்கள். அப்போது கேட்கிற டிக் எல்லாம் குப்பை. கடைசிக் கணக்கில் கழித்துவிட வேண்டும்.

ஷிப்ட் மாற்ற வரும்போது அத்தான் இரும்புக் கதவில் இரண்டு தட்டுத் தட்டுவார். அக்கா உள்ளேயிருந்து ஒன்று தட்டுவாள். அப்புறம்தான் திறப்பாள். கல்யாணமாகியும் இந்த விளையாட்டு விடவில்லை.

அன்றைக்கும் உள்ளே காத்திருந்தாள்... போன்தான் வந்தது.

ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். பீம் அணைத்த இரவு. இரண்டேகால். டிக்... டிக். அறை முழுக்க நனைந்த மழைக்கோட்டு வாசனை. வயரை மாற்றினாள். ஸ்பீக்கரை மாற்றினாள். தினமும் அதே இரண்டு. பதிலுக்குத் தட்ட அவளுக்குக் கை வரவில்லை. தட்டினால் கதவைத் திறக்க வேண்டுமே.

தலைமை விஞ்ஞானி திரையைப் பார்த்தார். “பீம் இல்லாம வர்றதும்மா. கழிச்சிடு.”

“இது மட்டும் இருக்கட்டுமே சார்.”

“இருந்தா அவனோட நாலு வருஷ உழைப்பு தப்பாயிடும். உயிரோட இருந்தா அவனே கழிச்சிருப்பான்.”

அது உண்மைதான். அக்கா கழித்தாள்.

அன்று இரண்டேகாலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. வாசனையும் இல்லை. விடியும்வரை அவள் உள்ளேயிருந்து கதவில் தட்டினாள்... ஒன்று... ஒன்று... ஒன்று.

இப்போது சோடாபுட்டி வீட்டில்தான் இருக்கிறாள். தூக்கத்தில் அவள் விரல் சுவரைத் தட்டும். இரண்டு. காத்திருக்கும். மறுபடி இரண்டு.

“எழுப்பிவிட வேண்டியதுதானேடா?” என்றேன்.

“எழுப்பினா நிஜம் ஞாபகம் வந்துடும்டா.”

போன வாரம் பதில் வந்ததாம். சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து... ஒரே ஒரு தட்டு.

அந்தப் பக்கம் அறை கிடையாது. நான்காவது மாடி, வெறும் காற்று. அன்றிலிருந்து அக்கா திறந்துவிடாதபடி பால்கனிக் கதவைப் பூட்டியே வைத்திருக்கிறான்; சாவி இதோ, இவன் சட்டைப்பையில் இருக்கிறது.