செதிலில் விழுந்த வெட்டு

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் பஸ்ஸில், பாம்பு பிடிக்கும் கணவனும் மனைவியும் என் முன்சீட்டில் இருந்தார்கள். மடியில் இருந்த துணிப்பைக்குள் கண்ணாடிவிரியன். மருந்துக்கு விஷம் எடுக்கும் இடத்தில் வாங்க மறுத்துவிட்டார்களாம்.

“இதுவும் நாம முன்ன குடுத்ததுதான். வயித்துச் செதில்ல வெட்டு கீது,” என்றார் மனைவி.

விஷம் எடுத்துத் திரும்ப விடும் பாம்புக்கு, செதிலை நறுக்கி அடையாளம் வைப்பார்கள்; அது இருந்தால் மறுபடி வாங்க மாட்டார்கள்.

“இது அங்க போன அளவுக்கு உங்கம்மா வூட்டுக்குக்கூட நான் போனதில்ல,” என்று கணவர் சிரித்தார்.

“சிரிக்காதய்யா. இந்த வருசம் வெட்டு இல்லாத பாம்பு ஒண்ணாச்சும் புடிச்சமா? ஒரு ஆம்பள பாம்பாச்சும், குட்டியாச்சும் பாத்தமா? இப்பிடியே போனா செங்கல் சூளைக்குத்தான் போவணும்.”

“சரி, புடிச்ச எடத்துலயே வுட்டுடலாம். பொட்டதான், குட்டி போடும்.”

“ஜோடிக்கு எங்கய்யா போவும்?”