ரம்பம் தின்னது

நடுவுலதான் அண்ணே, அந்தச் சாக்பீஸ் கோட்டு மேலயே ரம்பத்த வைங்க. என் வீட்டுக்காரர் டேப்பு புடிச்சு அளந்து போட்ட கோடு, ஒரு நூலு பிசகாது. பிரியறதுன்னு ஆனதும் எல்லாம் சரிபாதின்னுட்டார். சாப்பாட்டு மேசைய எப்படிப் பாதியாக்கறதுன்னேன். தச்சர் எதுக்கு இருக்காருன்னார்.

ரெண்டு கால்ல எப்படி நிக்குமா? நிக்காதுதான். சுவத்துல சாச்சு வெச்சுப்பாராம். நானும் ஒரு சுவரத் தேடிக்கணும்.

ஓ, ரம்பத்தோட கனத்துக்கு மரம் தூளாப் போயிடுமா? ரெண்டயும் சேத்தாலும் பழைய மேசை வராதா? அத நீங்க அவர்கிட்ட சொல்லியிருக்கணும். நான் வருஷாவருஷம் பத்தாங்கிளாஸுல தொண்டை வத்தக் கத்துறது இதத்தான். அறிவியல் டீச்சர் அண்ணே நான். அணுவுக்கு நடுவுல குட்டியா ஒரு உருண்டை. அதுக்குள்ள புரோட்டானுங்க. ஒண்ணுக்கொண்ணு ஆகாது, தள்ளிக்கிட்டே இருக்கும். எங்க ரெண்டு பேர் மாதிரின்னு வைங்க. கூட நியூட்ரான்னு ஒண்ணு இருக்கும், அது எந்தப் பக்கமும் சேராது. ஆனா அது இருந்தாத்தான் எல்லாம் ஒட்டிக்கிட்டு நிக்கும். பெரிய உருண்டை ஒடைஞ்சா, துண்டுகளச் சேத்து நிறுத்தாலும் பழைய எடை வராது. கொறஞ்சது சூடாப் போயிடும். சரிபாதியா ஒடையறதும் அபூர்வம். இவர்தான் சரிபாதி கேக்கறார்.

ஆமா, அந்த உருண்டைக்குப் புத்தகத்துல வேற பேரு. ஒங்க பொண்ணு சரியாத்தான் படிச்சிருக்கா. நான் அந்த வார்த்தையச் சொல்றதில்ல. நடுன்னே சொல்லிப் பழகிட்டேன். புள்ளைங்க பாவம், பரீட்சைல அணுநடுன்னு எழுதி வெச்சுதுங்க. நான் திருத்துனவரைக்கும் முழு மார்க். பொதுத்தேர்வுல எவனோ திருத்துனான், வரிசையா முட்டை. ஹெட்மாஸ்டர் கூப்புட்டு, இது எந்த ஊர் தமிழுன்னார். எனக்கு நாக்கு வரலன்னு அவர்கிட்ட சொல்ல முடியுமா? வீட்டுக்கு வந்து இவர்கிட்ட அழுதேன். ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டுப் போயேன், என்ன கெட்டுப் போச்சுன்னார். அன்னிக்கே விட்டுப்போச்சு எனக்கு.

பெஞ்சும் ஆச்சா? அப்ப அந்தத் துணி போத்தி வெச்சிருக்கறதுதான் பாக்கி. பரண்ல கெடந்தது, இதுக்குன்னே எறக்கியிருக்கார்.

ஏன் நின்னுட்டீங்க? கோடு இருக்குல்ல?

கோணலாவா இருக்கு? அவர் போட்ட கோடா? அப்ப அவருக்கும் உள்ள இருந்திருக்கு. எங்கிட்ட ஒரு நாளும் காட்டினதில்ல.

நல்ல தேக்குண்ணே. அவசரப்பட்டு மொதல்லயே தொட்டில் சொல்லிச் செஞ்சோம், உப்புத்தாள் போட்டுத் தேச்சது அவர்தான். இல்ல, அதுல யாரும் படுக்கல. நாலாம் மாசமே கரு கலைஞ்சிடுச்சு.

ம்… வந்துடுச்சு பாருங்க வாயில, அந்த வார்த்தை.

அறுங்க. தூள மட்டும் கூட்டித் தள்ளிடாதீங்க. அதுக்கு அவர் கோடு போடல.