எட்ட நின்று எடுக்க ஒரு லென்ஸ்

புதிதாகக் காமிரா வாங்குகிறவர்கள் பெரும்பாலும் லென்ஸில்தான் கோட்டை விடுகிறார்கள். காமிராவுக்குக் காசைக் கொட்டிவிட்டு, பெட்டியோடு வருகிற சின்ன லென்ஸே போதும் என்று இருந்துவிடுவார்கள். அடுத்த திருவிழாவில், கோபுரத்துக் கலசம் கடுகாகத் தெரிகிறது என்று கையைப் பிசைவார்கள். என் மனைவி பானுப்ரியாவுக்குக் காமிரா வாங்கியபோது அந்தத் தப்பை நான் செய்யவில்லை.

இன்ஸ்பெக்டர் மேடம், நடந்ததை என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்று கேட்டுக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நீங்கள் கேட்டு, நான் சொல்லி, ஏட்டு எழுதினால் விஷயம் கோணலாகிவிடும். எனக்குக் கணக்குத் தணிக்கை வேலை. ஆட்கள் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்வேன், எண்கள் சொல்வதைத்தான் நம்புவேன். பெரம்பலூரில் தமிழழகன் எப்படிப்பட்டவன் என்று யாரைக் கேட்டாலும் நிதானமான ஆள் என்பார்கள். மிக்சி வாங்குவதென்றாலும் ஆபீஸில் என்னைக் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள்.

காமிரா வேண்டுமென்று அவள் கேட்கவில்லை. கைப்பேசியிலேயே எறும்பு, ஈரத்துணி, மழைத்தண்ணீர் என்று எதையாவது எடுத்துக்கொண்டிருப்பாள். நன்றாகவே எடுப்பாள். கல்யாண நாளுக்குக் காமிரா வாங்கித் தருகிறேன் என்று நான்தான் சொன்னேன். "நெசமாவாங்க?" என்று என் முகத்தையே பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்லிவிட்டு அப்புறம் திட்டுவேனோ என்று அவளுக்குச் சந்தேகம். நான் திட்டுகிறவன் இல்லை. எடுத்துச் சொல்கிறவன்.

ஸ்டுடியோ வைத்திருக்கும் கொளஞ்சியப்பனிடம் முதலில் விசாரித்தேன். "மொதல்ல அம்பது லென்ஸ் ஒண்ணு வாங்கிக் குடுங்க சார். வெல கம்மி, மூஞ்சி அப்படியே உயிரா வரும். என்ன, கிட்டப் போயி எடுக்கணும், அவ்வளவுதான்" என்றார். அந்த ‘அவ்வளவுதான்’ எனக்கு ஒத்துவரவில்லை. இன்னொரு வழி, கிட்டத்துக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று என்று இரண்டு லென்ஸ். போகிற இடத்தில் நின்று கழற்றி மாட்ட வேண்டும், உள்ளே தூசி போகும். ஒரு பெண் நடுத்தெருவில் பையைத் திறந்துவைத்துக்கொண்டு தடுமாறினால், உதவி செய்கிறேன் என்று எவனாவது வருவான்.

கடைசியில் எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும் என்கிற பயண லென்ஸைத் தேர்ந்தெடுத்தேன். பதினெட்டு மில்லிமீட்டரில் ஆரம்பித்து முந்நூறு வரை போகும். பதினெட்டில் வைத்தால் எதிரே இருப்பதெல்லாம் அகலமாக விழும். முந்நூறுக்குத் திருப்பினால் தெருக்கோடியில் நிற்பவளின் மூக்குத்தி கண்முன்னால் வந்துவிடும். குறை இல்லாமல் இல்லை. ஓரங்கள் கொஞ்சம் மங்கும், வெளிச்சம் குறைந்தால் திணறும், கழுத்தில் கனக்கும். ஆனால் யாரிடமும் நெருங்க வேண்டியதில்லை. எட்ட நின்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். அவளுக்கு அதைவிடப் பொருத்தமானது கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது, இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

மொட்டைமாடியில் வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். இந்த வளையத்தைத் திருப்பு, இந்தப் பொத்தானை அமுக்கு, வேறு எதிலும் கை வைக்காதே என்றேன். முந்நூறில் ஒரு கொக்கைப் பிடித்துவிட்டு, "ஏங்க, றெக்கையில இருக்குற அழுக்குகூடத் தெரியுதுங்க" என்று குதித்தாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

அரியலூர் பக்கத்துக் கல்லங்குறிச்சித் தேருக்குப் போய் எடுக்க வேண்டுமென்று ஆசைப்பட்டாள். எனக்கு லீவு இல்லை. கீழ்வீட்டு சுமதி அக்காவோடு போய்வா என்று அனுப்பினேன். காமிராவை நானே துடைத்துப் பையில் வைத்துக்கொடுத்தேன். சாயங்காலம் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டாள், வெயிலில் முகம் கறுத்திருந்தது. காமிராவை வாங்கி ஒவ்வொரு படமாகப் பார்த்தேன்.

படங்கள் நன்றாக இருந்தன, மேடம். விளைந்ததில் முதல் படியைச் சாமிக்குக் கொட்ட வந்த கிழவர், கன்றுக்குட்டியை இழுத்துக்கொண்டு வந்த அண்ணன் தம்பி, தேர்வடம் பிடித்த கைகள், வெள்ளரிக்காய் விற்கிற ஓர் இளைஞன். வெள்ளரிக்காய்க்காரன் மட்டும் நாலைந்து படத்தில் இருந்தான். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். என் மனைவி ஒருவரைச் சிரிக்க வைப்பாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

எந்த எண்ணில் வைத்து எடுத்தது என்று ஒவ்வொரு படத்தோடும் காமிரா பதிந்துவைக்கும். அது அவளுக்குத் தெரியாது. முதல் படம் பதினெட்டு. அடுத்ததும் பதினெட்டு. கடைசி வரைக்கும் பதினெட்டு, ஒன்றில்கூடப் பத்தொன்பது இல்லை. பதினெட்டில் ஒரு முகம் படம் முழுக்க நிறைந்திருக்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று கொளஞ்சியப்பனைக் கேளுங்கள். கையை நீட்டினால் கன்னத்தைத் தொட்டுவிடலாம், அந்தத் தூரத்தில் நின்றிருக்க வேண்டும். முந்நூறு வரை எட்டி நிற்க நான் வழிசெய்து கொடுத்திருந்தேன். அவள் நாள் முழுக்க அந்த வளையத்தைத் தொடவே இல்லை.

"யாரு இவன்?" என்று கேட்டேன்.

"வெள்ளரிக்கா விக்கிறவருங்க. அருள்முருகன்னு பேரு."

"பேர் வேற கேட்டியா?"

"நான் கேக்கலங்க. போட்டோ அனுப்புவீங்களான்னு அவராத்தான் சொன்னாரு." பிறகு, "ஏங்க, அந்த லென்ஸு வந்துங்க..." என்று ஆரம்பித்தாள்.

"லென்ஸைப் பத்தி எனக்கு நீ சொல்ல வேணாம்" என்றேன்.

அவள் முகத்தில் பயம் இருந்தது. தப்புச் செய்யாதவளுக்கு எதற்குப் பயம் வர வேண்டும்? குரலை உயர்த்தாமல் காமிராவைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். அவளும் சாப்பிட்டாள்.

அவசரப்பட்டு நான் எதையும் முடிவு செய்யவில்லை. லீவு போட்டுவிட்டு அரியலூர் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே அந்த அருள்முருகன் கூடையோடு நின்றிருந்தான். என் கைப்பேசியில் ஏற்றிவைத்திருந்த அவன் படத்தைக் காட்டினேன். அவனுக்கு வாயெல்லாம் பல். "அந்த அக்கா எடுத்ததா? சூப்பரா இருக்கு சார். எவ்வளவு நல்லா பேசுனாங்க தெரியுமா. வெயில்ல அலையிறாங்களேன்னு ஒரு பிஞ்சு குடுத்தேன், காசு குடுக்காம வாங்க மாட்டேன்னுட்டாங்க. நீங்க அவங்க அண்ணனா?"

அக்கா என்று சொன்னதை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்கிறீர்கள். ஊரில் எல்லாரும் எல்லாரையும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் கவனித்தது கடைசிக் கேள்வியை. கணவன் வாங்கிக்கொடுத்த காமிரா என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் அப்படிக் கேட்டிருக்க மாட்டான். அங்கேயே ஒரு வெள்ளரிக்காய் வாங்கித் தின்றேன். பிஞ்சாக, நன்றாகத்தான் இருந்தது. தின்று முடிப்பதற்குள் எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது.

வேலை முடிந்து அப்படியே விட்டுவிட்ட சுண்ணாம்புக்கல் பள்ளங்கள் அரியலூரைச் சுற்றிக் கிடப்பது உங்களுக்குத் தெரியும். அதில் ஒன்றை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். கரையிலிருந்து நேராக இறங்கும், அடியில் பச்சைத் தண்ணீர். ஒரு காலத்தில் கடலாக இருந்த இடம் என்பதால் சுவரெல்லாம் கல்லாகிப்போன சிப்பிகள். ஞாயிற்றுக்கிழமை காலை பீரோவைத் திறந்து காமிராவை எடுத்தேன். "வா, சிப்பிய எடுக்கலாம்" என்றேன். நான் கோபத்தை விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். வாடாமல்லி நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு, வண்டியில் என் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள். அன்று போல அவள் பேசி நெடுநாளாகியிருந்தது.

முதலில் உன்னை ஒரு படம் எடுக்கிறேன் என்று காமிராவை நான் வாங்கிக்கொண்டேன். லென்ஸ் பதினெட்டிலேயே இருந்தது. அவள் விட்ட இடத்திலேயே இருக்கட்டும் என்று நானும் வளையத்தைத் தொடவில்லை. பள்ளத்துக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னேன். லென்ஸையே பார், திரும்பாதே என்றேன். அகலமாக விழ வேண்டும், கொஞ்சம் பின்னால் போ என்றேன். போனாள். ஒரு படம் எடுத்தேன். இன்னும் கொஞ்சம் என்றேன். போனாள். அதையும் எடுத்தேன். "போதுங்களா?" என்று கேட்டாள். "இன்னும்" என்றேன். நான் அவளைத் தொடவில்லை. கல் சரிந்தது.

அவளுக்கு நீச்சல் தெரியாது. எனக்குத் தெரியும். இதையும் எழுதிவிடுவதுதான் முறை. தண்ணீர் அசையாமல் ஆனபிறகுதான் சாலைக்கு வந்து ஆட்களைக் கூப்பிட்டேன். கால் வழுக்கிவிட்டது என்றேன், எல்லாரும் நம்பினார்கள். அவளுடைய அம்மா என் தோளில் சாய்ந்துதான் அழுதார்கள். நீங்கள் மட்டும் காமிராவைக் கேட்டீர்கள். கொடுத்தேன். படங்களை அழிக்காதது ஏன் என்று கேட்டீர்கள். அவள் நன்றாக விழுந்திருந்தாள், அழிக்க மனம் வரவில்லை. அகலமான படத்தில் எல்லாமே விழும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். "பள்ளத்தோட வாய் படத்துல அவ்வளவு தெளிவாத் தெரியுது. உங்க கண்ணுக்கு மட்டும் தெரியலையா?" என்றீர்கள். தெரிந்தது என்றேன்.

அத்தோடு நீங்கள் விட்டிருக்கலாம். நேற்று லென்ஸை என் முன்னால் வைத்து, "இந்த வளையத்தத் திருப்புங்க" என்றீர்கள். திருப்பினேன். அசையவில்லை. பக்கத்தில் இருந்த சின்னப் பூட்டுப் பொத்தான் தள்ளப்பட்டிருந்தது. அதைத் தள்ளிவிட்டால் லென்ஸ் பதினெட்டிலேயே நின்றுவிடும். பஸ் குலுக்கலில் லென்ஸ் தானாக நீண்டு அடிபடும் என்று, தேருக்குப் போன அன்று காலை நான்தான் தள்ளிவைத்தேன். சுமதி அக்கா சொன்னதாகவும் படித்துக் காட்டினீர்கள்: "காலையிலேர்ந்து திருகித் திருகிப் பாத்துச்சு மேடம், சுத்தவே இல்ல. ஒடைச்சிட்டேன்க்கா, அவரு என்ன சொல்லப் போறாரோன்னு ஒரே அழுவ. அப்பறம் தானே தேறிக்கிட்டு, கிட்டப் போயே எடுக்குறேன்னு ஒவ்வொருத்தர்கிட்டயா போயி, எடுத்துக்கட்டுமான்னு கேட்டுக் கேட்டு எடுத்துச்சு."

வேறு எதிலும் கை வைக்காதே என்று நான் சொன்னதை அப்படியே கேட்டிருக்கிறாள். அந்த மட்டில் அவள் மேல் எனக்கு இப்போது வருத்தம் எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். நான் என்ன கடித்தா தின்றுவிடுவேன்?

என் மனைவி பானுப்ரியாவைக் கொல்ல வேண்டும் என்றே அந்தக் கரையில் நிறுத்தினேன், தெரிந்தேதான் பின்னால் போகச் சொன்னேன். என் கையில் அன்று இருந்த எண்களை வைத்துப் பார்த்தால் யாராக இருந்தாலும் அதே முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள். என் பக்கம் ஒரு தவறு உண்டு. அந்தப் பொத்தானைப் பற்றி அவளிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதை ஒப்புக்கொள்கிறேன்.