வளவன் அறைக்குப் போட்ட கூரை

கூரைக்கு ஷீட்டு வாங்கப் போகிறவர்கள் வெயில் நேரத்தில் போவது நல்லது. கடை நிழலில் எல்லா ஷீட்டும் ஒன்று போலத்தான் இருக்கும். வெளியே எடுத்து வந்து தலைக்கு மேல் பிடித்துப் பார்த்தால்தான் எது எப்படிப்பட்டது என்று தெரியும். நான் அப்படித்தான் பார்த்து வாங்கினேன். திருவாரூரில் பாசித் கடையில் வாங்கினேன். பாசித் என்னிடம் படித்தவன்.

நீங்கள் கேட்டதால் முதலிலிருந்து சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் அம்மா. நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் இளையபெருமாள். நன்னிலத்தில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். என் அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். எங்கள் தெருவில் முதலில் மாடி கட்டியது நான்தான். இன்றும் கடைத்தெருவில் என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள், சார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

மூத்தவன் வளவன். பிறந்தபோது அழவில்லை. மூச்சு வரத் தாமதமானதில் மூளை பாதிக்கப்பட்டதாக டாக்டர் சொன்னார். நடக்க மாட்டான், பேச மாட்டான். ஆனால் எல்லாம் புரியும். என் சைக்கிள் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே சிரிக்கத் தொடங்கிவிடுவான் என்று என் மனைவி ராஜாத்தி சொல்வாள். பசித்தால் உள்ளங்கையால் தரையைத் தட்டுவான். தாகம் எடுத்தால் குதிகாலால் இடிப்பான். எங்கள் வீட்டில் அதுதான் பேச்சு.

ராஜாத்தி இறந்த பிறகு எல்லாம் நானே செய்தேன். பல் விளக்கிவிடுவது, குளிப்பாட்டுவது, முகம் மழிப்பது. மழிக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்து வைத்திருப்பான். சோப்பு நுரை உள்ளே போய்விடாமல் இருக்க என் கட்டைவிரலை அவன் உதட்டோரம் வைத்துக்கொள்வேன். ஒரு நாளும் கடித்ததில்லை. முப்பது வயது தாண்டியவனைத் தூக்குவது எளிதல்ல, ஆனால் அவன் என் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டால் பாதிப் பாரம் குறைந்துவிடும்.

இளையவள் எழில்மொழி. திருச்சியில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு மயிலாடுதுறைப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. வந்தவர்கள் கூடத்தில் வளவனைப் பார்த்தார்கள். அவன் அவர்களைப் பார்த்துச் சந்தோஷமாகக் குரல் கொடுத்தான், எச்சில் வழிந்தது. காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். எழில் அதற்காக வருத்தப்படவில்லை. "அண்ணனைப் பாத்துட்டு ஓடுறவங்க ஓடட்டும்பா. இப்பவே தெரிஞ்சது நல்லதுதானே" என்றாள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாசல்வரை போய் அவர்களை வழியனுப்பியவன் நான். எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகுதான் மொட்டைமாடியில் ஓர் அறை எழுப்பினேன். சுவர் எழுந்ததும் கூரை வேலை. கான்கிரீட் போட்டால் பாரம் தாங்காது என்று கொத்தனார் சொன்னார். தகரம் எனக்குப் பிடிக்காது. மிச்சமிருந்தது பிளாஸ்டிக் வகைகள். வெளிச்சம் உள்ளே வரும் ஃபைபர் ஷீட்டைத் தேர்ந்தெடுத்தேன். வளவனுக்கு வெளிச்சம் என்றால் உயிர். காலையில் கூடத்துத் தரையில் விழும் வெயிலைக் கையால் பிடித்துப் பிடித்துப் பார்ப்பான். உங்களிடம் முதல் நாள் இதைத்தான் சொன்னேன். அது பொய்யில்லை.

இந்தச் சித்திரையில் எழில் போன் செய்தாள். கூட வேலை பார்க்கும் பரிதி என்ற பையனும் அவன் அம்மாவும் வீட்டுக்கு வருகிறார்கள் என்றாள். நல்ல குடும்பம் என்று அவள் குரலிலேயே தெரிந்தது. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அன்று காலை எழில் பஸ்ஸில் வந்து இறங்குவதற்குள் வளவனுக்கு இட்லி ஊட்டி, துடைத்துவிட்டு, முதுகில் சுமந்து மாடிக்குக் கொண்டுபோனேன். படியேறும்போது என் காதருகே சிரித்துக்கொண்டே வந்தான். விளையாட்டு என்று நினைத்துவிட்டான். பாய் விரித்தேன். தண்ணீர் பாட்டிலும் வைத்தேன், அதை எழுதிக்கொள்ளுங்கள். அவனுக்கு மூடியைத் திருகத் தெரியாது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். வெளியே வந்து தாழ்ப்பாள் போட்டேன்.

எழில் வந்ததும் அண்ணன் எங்கே என்றுதான் முதலில் கேட்டாள். திருவிடைமருதூரில் அத்தை வீட்டில் விட்டிருக்கிறேன், சாயங்காலம் வந்துவிடுவான் என்றேன். அவள் முகம் சுருங்கியது. "நீங்க ஏன்பா இப்படிப் பண்றீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

பரிதியும் அவன் அம்மா விஜயமும் வந்தார்கள். கூடத்தில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சாப்பிட்டு முடித்தார்கள். கிளம்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். அந்த அம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "வெளில தலைகாட்ட முடியல. வெயில் தாழட்டும் சார், அப்பறம் போறோம்" என்றார். கத்திரி வெயில். நானும் ஆமாம் என்றேன்.

அப்போதுதான் மேலே சத்தம் கேட்டது. எழில் சமையலறையில் மிக்சியில் மோர் அடித்துக்கொண்டிருந்தாள், அவளுக்குக் கேட்கவில்லை.

"மேல என்னங்க அது?" என்று பரிதி கேட்டான்.

"குரங்கு, தம்பி. இங்க தொல்லை ஜாஸ்தி."

அது குதிகால் சத்தம்.

அந்த அம்மா சிரித்துவிட்டு, பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் பக்கம் வைத்தார். "உங்க பையனுக்கு சார். பருத்திச் சட்டை, பட்டன் இல்லாம தைக்கச் சொன்னேன். எழில் எல்லாத்தையும் எங்ககிட்டச் சொல்லியிருக்கு. உண்மையச் சொன்னா, அவரைப் பாத்துட்டுப் போகத்தான் உக்காந்திருக்கோம். கல்யாணத்துக்கு அப்பறம் அண்ணனும் தங்கச்சியும் எங்களோடவே இருக்கட்டும். கீழ் ரூமை அவருக்குன்னு ஒதுக்கியாச்சு. பாத்ரூம்ல கைப்பிடிகூட வெச்சிட்டான் இவன்."

இதை அவர் சொல்லும்போது மேலே சத்தம் நிற்கவில்லை. நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் எழுந்து மாடிக்குப் போயிருக்கலாம். ஆனால் என்ன சொல்லிக்கொண்டு போவது? அத்தை வீடு என்று சொல்லியாகிவிட்டது, குரங்கு என்று சொல்லியாகிவிட்டது. "சாயங்காலம் வந்துருவான்" என்றேன். ரிமோட்டை எடுத்து டிவியில் பாட்டு வைத்தேன். சத்தம் இடைவெளி விட்டு விட்டு வந்தது. பிறகு வரவில்லை. அது நின்றபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

எழில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணனைச் சீக்கிரம் அனுப்பச் சொல்லலாம் என்று போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்து கதவருகே நின்றாள்.

"அப்பா, அத்தை வீட்டுல அவன் இல்லையாம். அண்ணன் எங்க?"

"தம்பிக்கு இன்னொரு டம்ளர் மோர் குடும்மா" என்றேன்.

"உங்க வீட்டுல குரங்குத் தொல்லையாமே?" என்று விஜயம் பேச்சை மாற்றப் பார்த்தார். எழில் அவரைப் பார்த்தாள், பிறகு மேலே பார்த்தாள். சின்ன வயதில் அண்ணனோடு தரையைத் தட்டித் தட்டிப் பேசியவள். செருப்புகூடப் போடாமல் மாடிப்படியில் ஓடினாள்.

பரிதிதான் அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். வெயிலில் காய்ந்த தாழ்ப்பாளை இழுத்ததில் அந்தப் பையனின் விரல்கள் கொப்பளித்திருந்தன. கூடத்தில் படுக்கவைத்தார்கள். வளவன் முகம் செக்கச்சிவந்து, உதடு வெடித்திருந்தது. எழில் கரண்டியால் தண்ணீரை வாயில் ஊற்றினாள். அது கடைவாயில் வழிந்துகொண்டே இருந்தது. "அப்படி ஊத்தக் கூடாதும்மா, தலையைத் தூக்கிப் பிடிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே கிட்டப் போனேன்.

"தொடாதீங்க" என்றாள். அவனை அடக்கம் செய்த அன்றும் சரி, அதன்பின் இன்றுவரையும் சரி, அவள் என்னிடம் பேசவில்லை.

நேற்று நீங்கள் ஒன்று கேட்டீர்கள். பாசித்தை விசாரித்துவிட்டு வந்து கேட்டீர்கள். "நடுவுல நுரை வெச்ச ஷீட்டும் காட்டினாராமே சார். சூடு இறங்காது, சத்தமும் வெளில வராதுன்னு சொல்லியிருக்காரு. விலையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பையனை மறைக்கத்தான்னா நீங்க அதைத்தானே போட்டிருக்கணும்?"

தலை வலிக்கிறது என்றேன்.

பாசித் என்னிடம் கேட்டதையும் சொல்லியிருப்பான். "உள்ள ஆள் புழங்குவாங்களா சார்?" என்று கேட்டான். சாமான் போடத்தான் என்றேன். அப்படியென்றால் ஃபைபர் போதும் என்று அவன் இறக்கிக் கொடுத்தான். அவன்மேல் தப்பில்லை. வெயில் அந்த ஷீட்டு வழியே உள்ளே வரும், வந்த சூடு வெளியே போகாது. ஒன்பதாம் வகுப்புக்கு ஒவ்வொரு வருஷமும் அட்டைப்பெட்டியும் கண்ணாடியும் வைத்து நானே செய்து காட்டிய பாடம். ஜன்னல் வைக்கலாமா என்று கொத்தனார் கேட்டபோது வேண்டாம் என்றேன். தெரிந்துதான் சொன்னேன். அன்றைக்கென்று திட்டம் எதுவும் இல்லை. என்றைக்காவது வேண்டியிருக்கும் என்று மனதின் ஓரத்தில் இருந்தது. எனக்குப் பின் அவனை யார் பார்ப்பார்கள் என்று யோசித்து யோசித்துக் கட்டிய அறை அது.

யார் பார்ப்பார்கள் என்பதற்குத்தான் அந்த அம்மா என் எதிரில் உட்கார்ந்து பதில் சொன்னார். அப்போதாவது எழுந்திருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. அவன் இன்னும் இடித்துக்கொண்டுதான் இருந்தான். பொய் வெளியாகிவிடும் என்று பயந்தேன் என்று சற்றுமுன் சொன்னேன். முழுக்க அது இல்லை. அவர்கள் அறை ஒதுக்கியிருக்கிறார்களாம். கைப்பிடி வைத்திருக்கிறார்களாம். என் பிள்ளை கைப்பிடியைப் பிடிக்க மாட்டான், அம்மா. என் கழுத்தைத்தான் பிடிப்பான். எழிலுக்கே அவனுக்குத் தண்ணீர் கொடுக்கத் தெரியவில்லை, பார்த்தேனே. அவனை என்னைப் போலப் பார்த்துக்கொள்ள யாராலும் முடியாது.