கூடை வச்ச இடம்

அய்யோ, ஃபீஸ் பிரச்சனையெல்லாம் இல்ல மேடம். அப்படிச் சொல்லிடலாம்னுதான் வழிநெடுக யோசிச்சுக்கிட்டே வந்தேன். அந்த இண்டர்நேஷனல் ஸ்கூல்ல ஃபீஸ் கட்ட முடியல, அதனால பொண்ணைத் திரும்ப உங்க ஸ்கூல்லயே சேர்த்துடறேன்னு சொன்னா, நீங்களும் பாவம்னு விட்டுடுவீங்கன்னு நெனச்சேன். நீங்க என்னடான்னா கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டுப் பாக்கறீங்க. அப்படிப் பாத்தா எனக்குப் பொய் வராது மேடம்.

உண்மையான காரணம் சொன்னாதான் சீட்டா? ஒரு சீட்டுதான் இருக்கு, அதுக்கு வேற பிள்ளையும் காத்திருக்கா? சரி மேடம். சொல்றேன். இந்தத் தண்ணியைக் குடிச்சுக்கறேன்.

போன வருஷம் டிசி வாங்க வந்தப்ப இதே நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன், ஞாபகம் இருக்கா? வாயே தொறக்கல. நீங்க ஏம்மா பிள்ளையை மாத்தறீங்கன்னு கேட்டீங்க. எங்க வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். பிள்ளையோட எதிர்காலம், உலகத்தரம்னு என்னென்னமோ சொன்னார். அவர் லிஃப்ட் மெக்கானிக் மேடம். அந்த ஸ்கூலைச் சுத்திக் காட்டினப்ப கிளாஸ்ரூம், லேப், நீச்சல்குளம் எதையும் நிமிந்து பாக்கல. லிஃப்டுல ஏறி எறங்கி, ஏறி எறங்கி, கதவைத் தட்டிப் பாத்து, வெளிய வந்து என் காதுல சொல்றார், சத்தமே வரலடி, இந்த ஸ்கூல்தான் அப்படின்னு. பக்கத்துல ஒரு அப்பா நின்னார், அவர் பல் டாக்டர்னு நெனைக்கறேன். வர்ற போற டீச்சர் பல்லையே பாத்துக்கிட்டு இருந்தார். அவரும் சேர்த்துட்டார். பல்லெல்லாம் நல்லா இருந்திருக்கும்போல.

சிரிக்கறீங்க! ஹெட்மிஸ்ட்ரஸ் சிரிப்பாங்கன்னு எனக்குத் தெரியாது மேடம். நானே இவ்வளவு பேசுவேன்னும் தெரியாது. என் வாய்க்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தொலைச்சுட்டாங்கன்னு எங்க அக்கா சொல்லுவா. வேலையும் அப்படித்தான். வீட்லயே உக்காந்து புத்தகத்துக்குப் பிழை திருத்தறேன். நாள் முழுக்க அடுத்தவங்க வார்த்தை. அதுல ஒரு காலைப் போடுவேன், ஒரு புள்ளியை வைப்பேன். என் வார்த்தைன்னு ஒண்ணும் வெளிய வராது. இன்னிக்கு என்னமோ குழாய் ஒடஞ்ச மாதிரி கொட்டுது. நீங்க நடுவுல நிறுத்திடுங்க மேடம், நானா நிக்க மாட்டேன்.

அந்த ஸ்கூல்ல என்ன குறையா? அங்க டீச்சர் சரியில்லன்னு சொல்லலாமா... இல்ல மேடம், சொல்லக்கூடாது, அந்தப் பொண்ணு தங்கமான பொண்ணு. பிள்ளைங்க அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடணுமாம். என் பொண்ணு முதல் நாள் டீச்சர் டீச்சர்னு கூப்பிட்டிருக்கா, அவ திரும்பவே இல்லையாம். சாப்பாடு நல்லா இருக்கு. விளையாட்டு நல்லா இருக்கு. என் பொண்ணு தண்ணியில மீன் மாதிரிப் போறா. வீட்ல பல்லியைப் பாத்தாக்கூட எக்ஸ்க்யூஸ் மீன்னுட்டுத் தாண்டிப் போறா. ஒரு குறையும் இல்ல. தேடித் தேடிப் பாத்துட்டேன் மேடம், கெடைக்கவே இல்ல!

அதோ தையலக்கா வந்துட்டாங்க. உங்க ஜன்னல்லருந்து கேட்டுக்கு வெளிய இருக்கற அந்தக் குட்டைச் சுவர் இவ்வளவு நல்லாத் தெரியுமா? அப்போ நாங்க அங்க உக்காந்து அடிச்ச கூத்தெல்லாம் நீங்க பாத்துக்கிட்டுத்தான் இருந்தீங்களா? கடவுளே. உங்க கொண்டையைப் பத்திக்கூடப் பேசியிருக்கோம். நல்லவிதமாத்தான் மேடம், நல்லவிதமாத்தான்.

மூணு மணிக்கு பெல்லுன்னா ரெண்டரைக்கே வந்துடுவோம். பிள்ளையைக் கூட்டிட்டுப் போகத்தான் வர்றோம்னு பேரு. தையலக்கா கூடையோட வருவாங்க, அதுல யாரோட சட்டையாவது இருக்கும். பேசிக்கிட்டே பட்டன் தைப்பாங்க. மருந்துக்கடை அக்கா கடையைத் தம்பிக்கிட்ட விட்டுட்டு ஓடி வருவாங்க. அப்புறம் அந்த ரெட்டைப்பிள்ளைக்காரி. அவ உக்காரவே மாட்டா, கைய ஆட்டி ஆட்டி நின்னுக்கிட்டே கதை சொல்லுவா. நான் ஓரத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருப்பேன். பேச மாட்டேன் மேடம். எப்பவாவது ஒண்ணு சொல்லுவேன், மூணு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க. தையலக்கா ஊசியைக் கீழ போட்டுடுவாங்க. ஊமைக்குசும்புடி உனக்குன்னு முதுகுல ஒண்ணு வைப்பாங்க. வலிக்கும். அந்த அடிக்காக ராத்திரியே ஒண்ணு யோசிச்சு வச்சுக்கிட்டு வருவேன்.

இதோ காரணத்துக்கு வர்றேன் மேடம். சுத்தி வளைச்சு அங்கதான் வந்துக்கிட்டு இருக்கேன்.

அந்தச் சுவர்லதான் இந்த இண்டர்நேஷனல் பேச்சே ஆரம்பிச்சுது. தையலக்காதான் ஆரம்பிச்சாங்க, அங்க குதிரை ஓட்டச் சொல்லித்தர்றாங்களாம், என் பையன் குதிரையில வந்தா எப்படி இருக்கும்னு. உங்க பையன் பெஞ்சுலயே ஒழுங்கா உக்கார மாட்டானேன்னு மருந்துக்கடை அக்கா. ஆனா அவங்களும், அங்க பிள்ளை தும்மினாலே நர்ஸ் ஓடி வருவாளாம், நானும் சேர்க்கத்தான் போறேன்னாங்க. ரெட்டைப்பிள்ளைக்காரி, ரெண்டையும் வேற வேற கிளாஸ்ல போடுவாங்களாம், பகல்லயாவது ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்காதுங்க, அதனால அங்கதான்னா. தெனமும் இதே பேச்சு. அடுத்த வருஷம் நம்ம எல்லாரும் அங்கதான், அங்கயும் ஒரு சுவர் இல்லாமயா போயிடும்னு பேச்சு.

நான் வீட்டுக்குப் போய் யோசிச்சேன். எல்லாரும் போயிட்டா இந்தச் சுவர்ல நான் மட்டும் உக்காந்து என்ன பண்றது?

ஆமா மேடம். அவ்வளவுதான். உலகத்தரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஊரே சேர்க்குதுன்னு சொல்வாங்களே, எனக்கு ஊருன்னா அந்த மூணு பேருதான். அன்னிக்கு ராத்திரியே வீட்டுக்காரர்கிட்ட அந்த ஸ்கூல் லிஃப்டைப் பத்திக் கேள்விப்பட்டேன்னு ஆரம்பிச்சேன். அவருக்கு அது போதும்.

முதல் நாள் கேளுங்க. அங்க யாரும் எறங்கக் கூடாது மேடம். வண்டியை வரிசையில விடணும், வாட்ச்மேன் விசிலடிப்பார், கதவு தொறக்கும், பிள்ளை ஏறும், போயிக்கிட்டே இருக்கணும். அதுக்காகவே நான் வண்டி ஓட்டக் கத்துக்கிட்டேன். வீட்டுக்காரரோட கம்பெனி வேன், மேல ஏணி கட்டியிருக்கும். முன்னால பின்னால எல்லாம் பளபளன்னு கப்பல் மாதிரி கார், நடுவுல நான் ஏணியோட. தீ அணைக்க வந்தவ மாதிரி. அந்த வரிசை முழுக்கக் கழுத்தை நீட்டி நீட்டித் தேடறேன். தையலக்கா எங்க, மருந்துக்கடை அக்கா எங்கன்னு. ஒருத்தரும் இல்ல!

மறுநாள் காலையில இங்க ஓடி வந்தேன். மூணு பேரும் பிள்ளைங்களை உள்ள விட்டுட்டு இதே சுவர்ல ஜம்முனு உக்காந்திருக்காங்க. என்னைப் பாத்ததும் தையலக்கா, அய்யய்யோ நிஜமாவே சேர்த்துட்டியாடி, நாங்க சும்மா பேசிக்கிட்டுத்தானே இருந்தோம்னாங்க. பொழுது போகப் பேசினதாம் மேடம்! குதிரை, நர்ஸ், எல்லாம் பொழுதுபோக்கு! மழை வரும்னு நாலு பேர் பேசினாங்க, நான் ஒருத்தி மட்டும் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிருக்கேன்.

சிரிங்க மேடம், நானே இப்பச் சிரிக்கறேன். அப்ப சிரிப்பு வரல. உங்களுக்காகத்தான் போனேன்னு அவங்ககிட்ட எப்படிச் சொல்றது? அசிங்கமா இருக்காது? பாப்பாவுக்கு இங்கிலீஷ் வரணும்ல, நீச்சல் வரணும்லன்னு எங்க வீட்டுக்காரர் சொன்னதையே ஒப்பிச்சுட்டு வந்துட்டேன். அப்புறம் ஒருநாள் கடைத்தெருவுல தையலக்காவைப் பாத்தேன். வாங்க, நல்லா இருக்கீங்களான்னாங்க. என்னை! நீங்க வாங்கன்னு! முதுகுல அடிச்ச கை மேடம் அது, வணக்கம் சொல்ற மாதிரி கூடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. பெரிய எடத்து ஸ்கூலுக்குப் போயிட்டவளாம் நான். வீட்டுக்கு வந்து அந்த ஒரு 'ங்க'வை நெனச்சு நெனச்சு அழுதேன்.

அதுக்கப்புறம் இந்தத் தெருப்பக்கமே வரல. இன்னிக்கும் பின்பக்க கேட்டு வழியாத்தான் உள்ள வந்தேன்.

அங்க ஒருத்தரும் பழக்கம் ஆகலையான்னு கேக்கறீங்களா? முயற்சி பண்ணினேன் மேடம். தெனமும் பக்கத்து வரிசையில ஒரு அம்மா வருவாங்க, நல்ல முகம். தைரியத்தை எல்லாம் சேர்த்து ஒருநாள் கண்ணாடி வழியா கை காட்டினேன். அவங்க பாத்தாங்க. திரும்பவும் காட்டினேன். அவங்க பதறிப்போய் எறங்கி டயரைப் பாக்கறாங்க! பஞ்சர்னு சொல்றேன்னு நெனச்சுட்டாங்க. நாலு டயரையும் குனிஞ்சு பாத்து, என்னைப் பாத்துக் கும்பிட்டு, ஏறிக்கிட்டாங்க. வாட்ச்மேன் விசிலடிச்சுட்டார். அவ்வளவுதான் மேடம், அங்க எனக்குக் கெடைச்ச சிநேகிதம்.

அதை நான் யார்கிட்ட சொல்வேன் சொல்லுங்க? தையலக்கா மட்டும் கேட்டிருந்தா ஊசியோட சுவரே கீழ விழுந்திருக்கும்!

பொண்ணுக்கு இங்க வர இஷ்டமா? இதைத்தான் கேப்பீங்கன்னு பயந்துக்கிட்டு இருந்தேன். கேட்டேன் மேடம், நேத்து. தலை வாரிவிடும்போது கேட்டேன், பழைய ஸ்கூலுக்கே போயிடலாமாடா, உன் பழைய ஃப்ரெண்ட்ஸெல்லாம் இருக்காங்களேன்னு. அவ கண்ணாடியில என்னையே பாத்தா. நீங்க இப்பப் பாக்கற மாதிரி. பாத்துட்டு, அம்மா, நான் இங்கயே இருக்கேன், நீ வேணா அங்க போய் சேர்ந்துக்கோ அப்படின்னுட்டா. எவ்வளவு வாய் பாருங்க. அதுக்குத்தான் உலகத்தரம்!

இல்ல, இல்ல மேடம், அழல. சிரிச்சா எனக்குக் கண்ணுல தண்ணி வரும்.

மேடம், அந்தச் சீட்டை நீங்க அந்த இன்னொரு பிள்ளைக்கே குடுத்துடுங்க. என் பொண்ணு அங்கயே இருக்கட்டும். அவளுக்கு நாலு மணிக்குத்தான் ஸ்கூல் விடறாங்க, நான் ரெண்டரைக்கே வேலையை மூடி வச்சுடறேன். கேக்க வந்தது வேற. பிள்ளை இங்க படிக்காத ஒரு அம்மா வெளிய அந்தச் சுவர்ல வந்து உக்காரலாமா? யாராவது கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியாமதான் இவ்வளவு நாளா வரல. காரணம் இல்லாம ஒரு எடத்துல போய் உக்கார எனக்கு வராது மேடம். பிள்ளை இருந்தா காரணம் இருக்கும்னுதான் சீட்டுக் கேட்டேன்.

ஸ்கூல் சுவர் இல்லையா அது? தெருச் சுவரா? யார் வேணா உக்காரலாமா?

ஆனா எடம் இல்லையே மேடம். பாருங்க, மருந்துக்கடை அக்கா, தையலக்கா, அப்புறம் அந்தக் கூடை. ஓரத்துல, நான் உக்கார்ற எடத்துல கூடையை வச்சிருக்காங்க. யாரோ புது அம்மா வந்து கேக்கறாங்க, எடுக்க மாட்டேங்கறாங்க பாருங்க. தலையை ஆட்டி அந்தப் பக்கம் போகச் சொல்றாங்க. முன்னாடியெல்லாம் கூடையைக் காலுக்குக் கீழதானே வைப்பாங்க?

என்னது மேடம்? தெனமும் அங்கயேதான் வைக்கறாங்களா?

நான் போனதுலருந்தா?

அய்யோ, ஜன்னல் பக்கம் பாத்துட்டாங்க. பாத்துட்டாங்க மேடம், எழுந்துட்டாங்க. கூடையைக் கையில எடுத்துட்டாங்க. என்ன சத்தம் போடறாங்க? ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் தள்ளுங்களேன்.

கேட்டுச்சா? வாடிங்கறாங்க! ஏய் வாடி, அங்க என்னடி பண்றேங்கறாங்க!

நான் வர்றேன் மேடம். முன்பக்க கேட்டு வழியாவே போறேன். மேடம், ஒரு சின்ன உதவி, வேனைப் பின்னாடி நிறுத்தக் கூடாத எடத்துல நிறுத்தியிருக்கேன். யாராவது வந்து சத்தம் போட்டா, ஏணிக்காரம்மா சுவர்ல இருக்காங்கன்னு சொல்லிடுங்க.