இடது கைக்குச் சாட்சி

— கையைக் கொஞ்சம் விடு டீச்சரம்மா. நீ பிடிக்கிற பிடியில மிச்சமிருக்கிற நல்ல கையும் போயிடும் போலிருக்கு.

— சும்மா இருங்க. எனக்குப் பயமா இருக்கு, அதான் பிடிச்சிருக்கேன்.

— ஒரு வகுப்பையே ஒரு அதட்டுல உட்கார வைக்கிறவ நீ. உள்ளே இருக்கற மூணு டாக்டருக்கா பயப்படறே?

— பிள்ளைங்க நான் சொல்றதை எழுதிக்கிட்டு எனக்கெதிரா திருப்ப மாட்டாங்க. ஏங்க, நான் உள்ளே வந்தே ஆகணுமா? வக்கீலம்மா பேசினா போதாதா?

— கூட இருக்கறவங்க சாட்சி வேணுமாம். எங்க அம்மா இருந்திருந்தா, ‘இவன் பொறக்கும்போதே இடது கையைத்தான் முதல்ல நீட்டினான்’னு இந்தக் கட்டடமே அதிர சொல்லியிருப்பாங்க. இப்ப உன்னை விட்டா யார் இருக்கா?

— நான் பார்த்ததைத்தானே சொல்ல முடியும்? கல்யாணமானதுலேருந்து நீங்க எழுதறது, சாப்பிடறது, ஆணி அடிக்கிறது எல்லாம் வலது கையில.

— அது பட்டாளத்துல பழக்கிவிட்ட கை. துப்பாக்கியை இடது தோள்ல சாய்ச்சேன்னு பயிற்சி சார்ஜென்ட் என் இடது கையை பெல்ட்டோட சேர்த்துக் கட்டிட்டார். அப்படியே சாப்பிடு, அப்படியே ஓடு, அப்படியே எழுதுன்னார். போகப் போக எந்தக் கையோட பொறந்தேன்னு எனக்கே மறந்துபோச்சு.

— உங்களுக்கே மறந்ததை நான் எங்கேருந்து கொண்டு வர்றது?

— இங்க பாரு, சிக்கல் எங்கேன்னு சொல்றேன். என் தோள் போச்சுங்கறதை பட்டாள ஆபீஸ்காரங்க மறுக்கலை. ‘போனது இடது தோள், ஆள் வலது கைக்காரர், அதனால சின்னக் குறை’ன்னு எழுதிட்டாங்க. சின்னக் குறைக்கு பென்ஷனும் இல்ல, ஆபரேஷனும் இல்ல. இடதுதான் என் முக்கியமான கைன்னு ஆயிட்டா ரெண்டும் உண்டு.

— இல்லேன்னா மறுபடியும் அந்தக் குடோன்.

— குடோன்காரன் இன்னும் எத்தனை நாள் வச்சிருப்பான்? போன வாரம் பெட்டியைத் தூக்கி அடுக்கறேன், நெஞ்சு உயரத்துக்கு மேல கை வரமாட்டேங்குது. பெட்டி சரிஞ்சு கீழே நின்ன பையன் காதை உரசிக்கிட்டுப் போச்சு. இன்னும் ஒரு விரல் அகலம் இந்தப் பக்கம் நின்னிருந்தா அவன் தலையில.

— இதை ஏன் எங்கிட்ட சொல்லலை?

— சொன்னா நீ தூங்க மாட்டே. இப்பவே நீ சரியா தூங்கறதில்லை.

— இது கடைசி மேல்முறையீடுதானே?

— கடைசிதான். இதுக்கப்புறம் தட்டறதுக்குக் கதவு இல்ல.

— ஏங்க, ஒண்ணு கேக்கறேன். உள்ளே நான் எதைச் சொன்னாலும் என்கூடத்தானே வீட்டுக்கு வருவீங்க?

— வேற எங்க போவேன்? சாவி உன் பையிலதானே இருக்கு.

— விளையாடாதீங்க. நிஜமாத்தான் கேக்கறேன்.

— ஓ, பொய் சொல்லணுமேன்னு பயமா? எனக்காக நீ ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம் டீச்சரம்மா. பார்த்ததைச் சொல்லு, போதும்.

— பார்த்ததைச் சொல்லத்தாங்க பயமா இருக்கு.

— என்ன சொல்றே நீ?

— ஒண்ணுமில்ல. வக்கீலம்மா கதவைத் திறந்து கூப்பிடறாங்க. எழுந்திருங்க.

*

— உட்காருங்கம்மா. நான் இந்தக் குழுவோட தலைமை டாக்டர். இவங்க ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டிருப்பாங்க, கேள்வி நான் கேக்கறேன். நீங்க ஆசிரியை, இவரோட மனைவி. சரிதானே?

— ஆமா டாக்டர்.

— உங்க கணவர் எந்தக் கையால எழுதுவார்?

— வலது கையால.

— காய் நறுக்கறது, பூட்டைத் திறக்கறது?

— வலதுதான்.

— திடீர்னு ஏதாவது கீழே விழுந்தா? குழந்தை தடுக்கி விழப் போனா?

— எங்களுக்குக் குழந்தை இல்ல டாக்டர். பாத்திரம் விழுந்தா வலது கையால பிடிப்பார்.

— அப்போ இவர் இடது கைக்காரர்ங்கறதுக்கு நீங்க கண்ணால பார்த்தது எதுவும் இல்ல.

— சார், அவளை விட்டுடுங்க. அவ பொய் சொல்லத் தெரியாதவ. உள்ளதைச் சொல்லிட்டா. இதுக்கு மேல அவளைக் கேக்க வேண்டாம்.

— ஐயா, நீங்க குறுக்கே பேசக்கூடாது. அம்மா, வேற ஏதாவது சொல்லணுமா? இல்லேன்னா இதை இதோட முடிச்சுக்கலாம்.

— முடிச்சா பழைய உத்தரவுதானா டாக்டர்?

— பழைய உத்தரவேதான். மாத்தறதுக்கு எங்களுக்கு ஆதாரம் வேணும்.

— அவரைக் கொஞ்சம் வெளியே அனுப்ப முடியுமா?

— முடியாதும்மா. மனு போட்டவர் இல்லாம சாட்சி எடுக்கக் கூடாது. அவர் கேட்டா என்ன?

— கேட்டா அவர் என்னோட வீட்டுக்கு வரமாட்டார்.

— என்ன பேசறே நீ? சார், அவளுக்கு உடம்பு சரியில்ல போலிருக்கு, தண்ணி கொடுங்க.

— எனக்கு ஒண்ணுமில்லைங்க. டாக்டர், நீங்க கேட்டதெல்லாம் பகல்ல நடக்கறது. பகல்ல அவர் வலது கைக்காரர்தான். தூக்கத்துல இல்ல.

— தூக்கத்துல என்ன?

— தூக்கத்துல கை வரும். இந்தக் கழுத்துக்கு வரும். எப்பவுமே இடது கை.

— பொய். சார், இது பொய். நான் இவ மேல ஒரு தடவை கூட கை நீட்டினதில்ல.

— நீட்டினதில்லைதான். முழிச்சிருக்கும்போது அதட்டினது கூடக் கிடையாது டாக்டர். கண்ணை மூடினாத்தான்.

— எவ்வளவு நாளா இது நடக்குது?

— கல்யாணமான புதுசுலேருந்து. சில மாசம் வரவே வராது. சில வாரம் தினமும் வரும். கத்தினா பிடி இறுகும். அதனால நான் அசையாம, மூச்சைச் சின்னதா விட்டுக்கிட்டுப் படுத்திருப்பேன். தானா தளரும்.

— குறட்டை விடறேன்னு சொல்லித்தானே ஹாலுக்குப் போய்ப் படுத்தே?

— நீங்க குறட்டையே விடறதில்லைங்க.

— ஐயோ. இத்தனை வருஷமா…

— அம்மா, இதை வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?

— எங்க அம்மாகிட்ட கூடச் சொல்லலை. சொன்னா அவர் காதுக்குப் போகும். அவர் சுபாவம் எனக்குத் தெரியும். தன்னாலதான்னு தெரிஞ்சா அன்னிக்கே துணியை மடிச்சுக்கிட்டு எங்கயாவது போயிடுவார். கழுத்துல வர்ற கையை விட அதுதான் எனக்குப் பயம்.

— வலது கை ஒரு தடவை கூட வந்ததில்லையா? யோசிச்சுச் சொல்லுங்க.

— யோசிக்கவே வேண்டாம். இருட்டுல அந்தக் கையை மட்டுந்தான் எனக்குத் தெரியும். கட்டை விரல் இங்க தொண்டையில, மத்த விரல் பின்னங்கழுத்துல. பிடிச்சு மேலே மேலே இழுக்கும். முழிச்சிருக்கும்போது தூக்க முடியாத அந்தத் தோள் அப்ப எப்படித்தான் அவ்வளவு பலமா இழுக்குமோ தெரியலை.

— அப்ப ஏதாவது பேசுவாரா?

— ஒரே வார்த்தை. ‘ஏறு, ஏறு’ம்பார். அர்த்தம் புரியாது, கேக்கவும் முடியாது.

— ஐயா, கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க. ஃபைல்ல பட்டாள வண்டியிலேருந்து விழுந்து தோள் விலகினதா இருக்கு. யாரை ஏறச் சொல்றீங்க?

— விழலை சார். விழுந்தேன்னு எழுதச் சொன்னது நான்தான்.

— என்ன நடந்தது?

— குண்டு விழுந்துக்கிட்டிருக்கு, டிரைவர் வண்டியை எடுத்துட்டான். முகாம்ல என் பக்கத்துப் படுக்கைக்காரன் ஒருத்தன், குள்ளன்னு கூப்பிடுவோம், பின்னாலேயே ஓடி வந்தான். குனிஞ்சு அவன் பின்னங்கழுத்துச் சட்டையைப் பிடிச்சேன். காலு எட்டலை அவனுக்கு. ஏறுடா ஏறுடான்னு இழுத்தேன். தோள்ல ஏதோ கழண்ட மாதிரி இருந்துச்சு, விரல் விட்டுப்போச்சு. அவன் அங்கேயே போயிட்டான், அவ்வளவுதான் சார். அவன் வீட்டுக்கு நான் எந்த முகத்தோட என் பிடி விட்டதை எழுதி அனுப்ப?

— எந்தக் கையால பிடிச்சீங்க?

— இடது.

— அவர் உங்களுக்கு இடது பக்கம் வந்தாரா?

— வலது பக்கம் சார். யோசிக்க நேரமிருந்தா வலது கைதான் போயிருக்கும். யோசிக்கலை.

— இதை நான் பதிவு பண்றேன். ‘பிறவியில் இடது கைக்காரர்.’ ஐயா, இனிமே அந்தப் பழைய உத்தரவு நிக்காது.

— உத்தரவை நீங்களே வச்சுக்கோங்க சார். அவ கழுத்தை இத்தனை நாளா நெரிச்சிருக்கேன். இனி அந்த வீட்டுல நான் எப்படிப் படுப்பேன்? டீச்சரம்மா, சாயங்காலம் வேற இடம் பார்த்துக்கறேன். நீ கதவைத் தாழ் போட்டுக்கிட்டுத் தூங்கு.

— எங்கேயும் போக வேண்டாம், இப்படி என் பக்கத்துல வந்து உட்காருங்க. இத்தனை வருஷமா அந்தக் கை என்னைக் கொல்ல வருதுன்னுதானே நினைச்சுக்கிட்டிருந்தேன், அது என்னை வண்டியில ஏத்தத்தான் பார்த்திருக்கு.