மற்றவை

சிதறிக் கிடக்கிற எதையும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, ஐயா. நீங்கள் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே உங்கள் மேசையிலிருந்த பேனாக்களை அடுக்கிவிட்டேன், கவனித்திருப்பீர்கள்.

என் வேலையும் அதுதான். செய்தி அனுப்பும் செயலி ஒன்றின் முகப்பை வடிவமைக்கிறேன். திரையில் நெரிசல் அதிகம் என்று புகார் வந்தது. முக்கியமில்லாத உரையாடல்களை எல்லாம் ‘மற்றவை’ என்ற ஒரே வரிக்குள் மடித்து வைத்தேன். அதற்குள் போனவர்கள் செய்தி அனுப்பினால் மணி அடிக்காது, சிவப்புப் புள்ளி வராது. அழைத்தாலும் சத்தமில்லாமல் அடங்கிவிடும்.

எங்கள் அலுவலகத்தில் எந்தப் புதிய வடிவத்தையும் முதலில் அவரவர் வீட்டு ஃபோனில்தான் ஓட்டிப் பார்ப்போம். நான் என் மனைவியின் ஃபோனில் போட்டேன். யாரை மடிப்பது என்று, சோதனை முடியும்வரை, நாங்களே குறிக்க வேண்டும். அவளிடம் சொல்லாமல், அவளுடைய அக்காவைக் குறித்தேன்.

அக்கா ஊரின் மறுகோடியில் தனியாக இருந்தார். இதய நோயாளி. என் மனைவிக்குக் கண் விழித்தால் அக்கா, அடுப்படியில் அக்கா. நான் அலுவலகக் கதை சொல்ல வாயெடுத்தால், “ஒரு நிமிஷம் இருங்க, அக்கா என்னமோ அனுப்பியிருக்கா.” என்னிடம் வராத சிரிப்பு அந்தத் திரையைப் பார்த்தால் அவளுக்கு வந்துவிடும். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைப்பானேன்.

மடித்த பிறகு வீடு அமைதியானது. “என் மேல அக்காவுக்கு என்ன கோபம்னே தெரியலைங்க. நானா போய்ப் பேச மாட்டேன், அவளே பேசட்டும்” என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும். தலையைத் தடவிக் கொடுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவ்வளவு நெருங்கி உட்கார்ந்ததில்லை.

அவள் குளிக்கப் போகும்போது ‘மற்றவை’யைத் திறந்து பார்ப்பேன். சோதனை என்றால் சரிபார்க்க வேண்டுமல்லவா? ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்படி இருந்தது: “நெஞ்சை அடைக்குதுடி. எழுந்திரிக்க முடியலை. கதவு தாழ் போடலை, வாடி.” அதன் கீழே அவர் அழைத்து, யாரும் எடுக்காத அழைப்புகள். எல்லாம் ஒழுங்காக மடிந்திருந்தன. ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இரண்டு பேருக்கும் காபி போட்டேன்.

ஓர் எழுத்தைக்கூட நான் அழிக்கவில்லை, ஐயா. அடக்கம் முடிந்து வந்த பிறகு அவளே திறந்து படித்தாள்.

இப்போது அவள் திரையில் நெரிசலே இல்லை, மேலே என் பெயர் மட்டும்தான். ஆனால் நீங்கள் என்னைக் காவல் நிலையத்துக்குக் கூட்டி வந்ததிலிருந்து அவளிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. புதிய வடிவத்தில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும். என் ஃபோனைக் கொஞ்சம் கொடுத்தால் சரிசெய்துவிடுவேன்.